முட்டும் மாடும் சொந்தக்காரனும்



யாத்திராகமத்தில் ஒரு பழைய சட்டம் இருக்கிறது. பத்துக் கற்பனைகளுக்கு அடுத்த அதிகாரத்திலேயே அது வருகிறது. ஒருவனுடைய மாடு இன்னொருவனை முட்டிக் கொன்றுபோட்டால் மாட்டைக் கொல்ல வேண்டும், சொந்தக்காரன்மேல் குற்றமில்லை. ஆனால் அந்த மாடு முன்பே முட்டுகிற மாடாக இருந்து, சொந்தக்காரனுக்கு அதைச் சொல்லியும் அவன் கட்டிவைக்காமல் விட்டிருந்தால் நியாயம் மாறிவிடுகிறது. அப்போது மாட்டோடு சொந்தக்காரனும் குற்றவாளி.

காளை வளர்க்கிற நம் பக்கத்து ஜனங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்தச் சட்டத்தைச் சற்று நின்று பாருங்கள். சொந்தக்காரன் யாரையும் முட்டவில்லை. யாரும் சாக வேண்டும் என்று நினைக்கவுமில்லை. மாடு முட்டிய நேரத்தில் அவன் தன் வீட்டுத் திண்ணையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்திருக்கலாம். பின் எதனால் குற்றவாளி? இரண்டே காரணம். மாடு அவனுடையது, அது முட்டும் என்று அவனுக்குத் தெரியும்.

இந்த வாரம் நாம் யோசிக்கப்போவது இந்த இரண்டு காரணங்களைப் பற்றித்தான். ஒரு பெரிய கம்பெனி தன் சரக்கைத் தானே செய்யாமல் பத்துக் கை மாற்றிச் செய்வித்து விற்கிறது. எங்கோ ஒரு கையில் மனிதன் நசுக்கப்படுகிறான். அந்த மாடு கம்பெனியின் மாடா? கம்பெனிக்குத் தெரியும் என்று சொல்லலாமா? இது நமக்கு எட்டாத விவகாரம் என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எட்டுகிற இடத்துக்கு வருவேன்.

வங்காளதேசத்தின் தலைநகராகிய டாக்காவுக்கு அருகில் சாவார் என்ற ஊரில் ராணா பிளாசா என்று எட்டு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. கீழே கடைகளும் ஒரு வங்கியும். மேலே ஐந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். 2013 ஏப்ரல் 23-ந் தேதி சுவர்களிலும் தூண்களிலும் வெடிப்புக் கண்டது. வந்து பார்த்த பொறியாளர் கட்டடம் அபாயம் என்றார். ஜனங்கள் வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் வங்கிக்காரர்கள் தங்கள் சிப்பந்திகளை வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். கடைகளும் திறக்கவில்லை. தையல்காரப் பெண்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். போகாவிட்டால் மாதச் சம்பளம் கிடையாது என்று சிலருக்கு மிரட்டல். காலை ஒன்பது மணிக்குச் சற்று முன் மின்சாரம் நின்றது. மேல்மாடிகளில் இருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. கட்டடம் அதிர்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. 1,134 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 2,500 பேர் காயமடைந்தார்கள்.

ஒரே சுவர், ஒரே வெடிப்பு. வங்கிக் குமாஸ்தா வீட்டிலிருந்து பிழைத்தார். தையற்காரி மேலே ஏறிச் செத்தாள். குமாஸ்தாவின் உயிர் அதிக விலை பெற்றதா? இல்லை. வங்கி ஒருநாள் மூடினால் தலைபோகாது. தையல் ஒருநாள் நின்றால் கப்பல் தவறும். கப்பல் தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவோ அபராதமோ தொழிற்சாலைக்காரன் தலையில் விழும். அந்தத் தேதியைக் குறித்தவன் சாவாரில் இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்தான்.

அப்போது அங்கே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 3,000 டாக்கா. ஐரோப்பியப் பணத்தில் 38 யூரோ. அந்த மே மாதம் முதல் தேதி, காலைப் பூசைப் பிரசங்கத்தில், மறைந்த பிரான்சிஸ் பாப்பரசர் அந்தத் தொகையைச் சொல்லி, இது அடிமை வேலை என்றே பெயரிட்டார். மழுப்பவில்லை.

இறந்தவர்களைத் தோண்டியெடுத்த இடிபாடுகளிலேயே சிலர் வேறொன்றையும் தேடினார்கள்: சட்டைக் கழுத்தில் தைக்கும் லேபிள். ஏன் தெரியுமா? எந்த எந்தக் கம்பெனிக்கு அங்கே துணி தைக்கப்பட்டது என்பதற்கு அது சாட்சி. சில கம்பெனிகள், எங்கள் சட்டை அங்கே தைக்கப்படுவதே எங்களுக்குத் தெரியாது என்றன. நாங்கள் ஒருவரிடம் கொடுத்தோம், அவர் இன்னொருவரிடம் கொடுத்திருக்கிறார் என்றன. அது சில இடங்களில் உண்மையாகவும் இருக்கலாம்.

இங்கே நாம் நிற்க வேண்டும். தெரியாது என்ற சொல் எவ்வளவு தூரம் மனிதனைக் காப்பாற்றும்?

குருமடத்தில் படித்தபோது அறியாமையை வகை பிரித்துப் படித்தோம். அர்ச். அக்குவீனாஸ் தோமையார் இதை நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார். எவ்வளவு முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை ஒன்று. அது குற்றத்தை நீக்கிவிடும். கொஞ்சம் விசாரித்தால் நீங்கக்கூடியதைச் சோம்பலால் வைத்துக்கொள்வது இரண்டாவது. அது குற்றத்தைக் குறைக்கலாம், நீக்காது. மூன்றாவது ஒன்று உண்டு. தெரிந்துகொண்டால் நிறுத்த வேண்டிவரும் என்று பயந்து, தெரிந்துகொள்ளாமலே இருக்க ஏற்பாடு செய்துகொள்வது. பையன் காசு எங்கிருந்து கொண்டுவருகிறான் என்று கேட்காத தகப்பனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கேட்டால் பதில் வந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். இந்த அறியாமை குற்றத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. ஏனெனில் அறியாமையையே அவன் விரும்பித் தேடிக்கொண்டான்.

ஆறு கை தாண்டி வேலையைக் கொடுத்து, ஆறாவது கை யாருடையது என்று கேட்காதிருப்பது எந்த வகை என்று நான் சொல்ல வேண்டுமா? அதே கம்பெனி பொத்தான் நிறத்தில் ஒரு சாயல் மாறியிருந்தால் கண்டுபிடித்துச் சரக்கைத் திருப்பி அனுப்புகிறது! பொத்தானை அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க முடிகிறவனுக்கு வெடித்த தூணைப் பார்க்க முடியாது என்று எப்படி நம்புவது?

சோதனை செய்கிறோமே, சான்றிதழ் வாங்குகிறோமே என்று கம்பெனிகள் சொல்லும். சோதனை வேண்டியதுதான். ஆனால் கராச்சியில் நடந்ததையும் கேளுங்கள். 2012 செப்டம்பர் 11-ந் தேதி அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. ஜன்னல்களில் இரும்புக் கம்பி. வெளியேறும் கதவுகளில் பூட்டு. 250-க்கும் மேற்பட்டவர்கள் உள்ளேயே மாண்டார்கள். அந்தத் தொழிற்சாலை தொழிலாளரை நல்லபடி நடத்துகிறது என்று சர்வதேசச் சான்றிதழ் பெற்றுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பூட்டிய கதவு சோதனைக்காரர் கண்ணில் படவில்லை. அவருக்குக் கூலி கொடுப்பது பெரும்பாலும் சோதிக்கப்படுகிற தொழிற்சாலையே என்பதை நினைத்தால் அதிசயப்பட ஒன்றுமில்லை. பரீட்சை எழுதுகிற பையனே வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தால் எத்தனை பேர் தோற்பார்கள்?

அந்தத் தொழிற்சாலையின் சரக்கில் பெரும்பகுதியை வாங்கியது கிக் என்ற ஜெர்மன் கடைத்தொடர். 2020-ல் பாகிஸ்தான் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: மிரட்டிப் பணம் பறிக்க வந்தவர்கள் வேண்டுமென்றே வைத்த தீ அது. ஆகவே கம்பெனியின்மேல் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. தீ வைத்தவன் கொலைகாரன், அதில் வாதமில்லை. ஆனால் ஜன்னலில் கம்பி போட்டவன் தீ வைத்தவன் அல்லன். கதவைப் பூட்டியவனும் அல்லன். திறந்த கதவிருந்தால் தீயோடு ஓட்டமும் இருந்திருக்கும். ஒரு கொலைக்கு ஒருவன்தான் காரணம் என்று நினைப்பது குழந்தைக் கணக்கு. பத்துப்பேர் சேர்ந்து மூட்டையைத் தூக்கினால் ஒவ்வொருவன் தோளிலும் பாரம் குறையும். பத்துப்பேர் சேர்ந்து ஒருவனைக் கொன்றால் ஒவ்வொருவனும் பத்தில் ஒரு பங்கு கொலைகாரனா?

இறந்தவர்களின் உறவினர் சிலரும் தப்பிய ஒருவரும் ஜெர்மனியில் வழக்குத் தொடுத்தார்கள். காலக்கெடு கடந்துவிட்டது என்று 2019-ல் டார்ட்முண்ட் நீதிமன்றம் தள்ளிவிட்டது. நீதிமன்றத்துக்குக் காலக்கெடு உண்டு. மனச்சாட்சிக்கு உண்டா என்பது வேறு விஷயம்.

இனி மாடு யாருடையது என்ற கேள்விக்கு வருவோம்.

பிறர் செய்யும் தீமைக்கு ஒத்துழைப்பதைப் பற்றி நீதிநெறி சாஸ்திரிகள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்களிடையே ஒரு பழைய உதாரணம் உண்டு. எஜமான் கெட்ட காரியத்துக்காக ஒரு வீட்டு ஜன்னலில் ஏறுகிறான். வேலைக்காரன் தோள் கொடுக்கிறான், ஏணி சுமக்கிறான். எஜமானுக்குப் பயந்துதான் செய்கிறான். அவனுக்குச் சாவான பாவமில்லை என்று சிலர் சொன்னார்கள். 1679-ல் 11-ம் இன்னசென்ட் பாப்பரசர் அந்தக் கருத்தைத் தள்ளுபடி செய்தார். பின்னால் வந்த அர்ச். அல்போன்ஸ் லிகோரியார் இதையெல்லாம் அலசி, மனமொத்து உதவுவது வேறு, மனமொவ்வாமல் செயலால் மட்டும் உதவுவது வேறு. அருகிலிருந்து உதவுவது வேறு, தொலைவிலிருந்து உதவுவது வேறு என்று அளவுகோல் வைத்தார். தொலைவு கூடக் கூடப் பொறுப்புக் குறையும் என்பது அந்த அளவுகோலின் ஒரு பகுதி.

கம்பெனிகளுக்காக வாதாடுகிறவர்கள் பிடித்துக்கொள்வது இந்தத் தொலைவைத்தான். ஆனால் பாருங்கள், பழைய உதாரணத்தில் ஏணி பிடிப்பவன் ஏழை, ஏறுகிறவன் எஜமான். நம் காலத்துச் சங்கிலியில் அது தலைகீழாகிவிட்டது. ஏறுகிறவன் சிறிய முதலாளி. கதவைப் பூட்டுகிறான், சம்பளத்தைப் பிடிக்கிறான். ஏணியைச் செய்து, இந்தத் தேதிக்குள் ஏறு, இந்த விலைக்குள் ஏறு, முடியாவிட்டால் வேறொருவன் ஏறுவான் என்று சொல்லி அனுப்பியவன் கடலுக்கு அப்பால் இருக்கிற பெரியவன். தொலைவைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது. கட்டளை எவ்வளவு சுருக்காகப் போய்ச் சேருகிறது என்பதில் அளக்க வேண்டும். விலையைக் குறை என்று அங்கே சொன்னால் ஒரே வாரத்தில் இங்கே ஒரு பெண்பிள்ளையின் இரவு இரண்டு மணி நேரம் நீளுகிறது. இது தொலைவா?

ஒரே கம்பெனியிலிருந்து ஒரே தொழிற்சாலைக்கு இரண்டு கடிதம் வருவதும் உண்டு. ஒன்று நல்லொழுக்கப் பிரிவிலிருந்து: அதிக நேர வேலை வாங்காதே, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாதே. மற்றது கொள்முதல் பிரிவிலிருந்து: போன வருட விலைக்குப் பத்து சதம் குறைத்துக்கொள், இரண்டு வாரம் முந்திக் கொடு. தருமத்தைப் பற்றிச் சேசுநாதர் சொன்ன வலதுகை, இடதுகைப் பாடத்தை இவர்கள் வேறொரு காரியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள் போலும்! தொழிற்சாலைக்காரன் எந்தக் கடிதத்துக்குக் கீழ்ப்படிவான் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. இரண்டாவது கடிதத்தில்தான் ஆர்டர் இருக்கிறது.

நம் நாட்டு உச்ச நீதிமன்றம் இதை 1982-லேயே கண்டது. டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடங்கள் எழுந்தன. கூலியாட்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. இடைத்தரகர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் காண்ட்ராக்டரின் ஆட்கள், எங்கள் ஆட்கள் அல்ல என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். அந்தச் சாக்குச் செல்லாது என்றது நீதிமன்றம். வேலை யாருக்காக நடக்கிறதோ அவர் சட்டம் காக்கப்படுவதைப் பார்க்கக் கடமைப்பட்டவர். இன்னொன்றும் சொன்னது: குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாக வாங்கும் வேலை, அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவு தடுக்கிற கட்டாய வேலையே. வயிறு கட்டாயப்படுத்துவதும் கட்டாயம்தான்.

உலக அளவில் 2011-ல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் கழகம் 31 வழிகாட்டும் கொள்கைகளை ஏற்றுக்கொண்டது. ஜான் ரக்கி என்ற பேராசிரியர் பல வருடம் உழைத்து உருவாக்கியவை. மனிதரைக் காப்பது அரசின் கடமை. மனித உரிமையை மதிப்பது கம்பெனியின் பொறுப்பு. தீங்கு நேர்ந்தால் பரிகாரம் கிடைக்க வழி வேண்டும். கம்பெனி தானே செய்த தீங்கு, செய்ய உதவிய தீங்கு, தன் வியாபாரத் தொடர்பால் தன்னோடு கட்டுண்ட தீங்கு என்று அவை பிரிப்பதைப் பார்த்தால் லிகோரியாரின் பழைய புத்தகம் நினைவுக்கு வரும். பிரான்ஸ் 2017-லும் ஜெர்மனி 2021-லும் இதைச் சட்டமாக்கின. ஐரோப்பிய யூனியன் 2024-ல் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்து, 2025-லேயே அமலாகும் தேதியைத் தள்ளிவைத்தது. பணம் பேசினால் சட்டம் இருமும்.

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. இப்படியெல்லாம் நெருக்கினால் கம்பெனி ஆர்டரையே நிறுத்திவிடும். அப்போது அந்தப் பெண்ணுக்கு இருக்கிற சம்பளமும் போகும். நீங்கள் செய்தது தர்மமா? பசியை அறியாதவர்கள்தான் இந்தக் கேள்வியை அலட்சியம் செய்வார்கள். கண்டவுடன் கைகழுவிவிட்டு ஓடுவது சரியென்று அந்தக் கொள்கைகளும் சொல்லவில்லை. மாடு முட்டினால் மாட்டைக் கட்டவேண்டும். ஊரைவிட்டு ஓடினால் மாடு முட்டிக்கொண்டேதான் இருக்கும். இந்த ஆட்சேபத்துக்குச் சரியான பதிலை வங்காளதேசமே கொடுத்தது. ராணா பிளாசா விழுந்த பிறகு 200-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் தொழிற்சங்கங்களோடு ஓர் ஒப்பந்தம் செய்தன. அது சட்டத்தால் கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம். வெறும் வாக்குறுதி அல்ல. பொறியாளர்கள் 1,600-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளுக்குள் போனார்கள். தூண்களைப் பலப்படுத்தினார்கள், பூட்டும் கதவுகளைக் கழற்றித் தீத்தடுப்புக் கதவு வைத்தார்கள். தொழில் அழிந்ததா? பத்து வருடத்துக்குள் அந்நாட்டின் ஆடை ஏற்றுமதி ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று.

சாவாரில் தைத்த சட்டையின் நூலை நூற்றது யார்? வங்காளதேசம் இந்திய நூலை ஏராளமாக வாங்குகிற நாடு. நம் நாட்டு நூற்பாலைகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நெடுஞ்சாலையின் இருபுறமும் நிற்கிற நீண்ட மதில்களை நீங்கள் பார்க்காமலா இருக்கிறீர்கள்? எட்டுகிற இடம் வந்துவிட்டது.

அந்த மதில்களுக்குள் நம் பிள்ளைகள் போனார்கள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று ஒரு தொகை மொத்தமாகக் கிடைக்கும் என்றார்கள். சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம் என்று மங்கலமான பேர்கள்! ஊர்க்காரர்கள் கேம்ப் கூலி என்றார்கள். அதுதான் உண்மையான பெயர். அந்த மொத்தத் தொகை முதலாளி கொடுத்த பரிசல்ல. மாதாமாதம் பிள்ளைக்குச் சேரவேண்டிய கூலியில் பிடித்து வைத்தது. மூன்று வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பினால் அதுவும் போச்சு என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. வெளியே போக அனுமதி இல்லை. வீட்டாரோடு பேசக் கணக்கு. பஞ்சுத்தூசி நெஞ்சில், தூக்கமில்லாத கண் எந்திரத்தில். 2011-ஐ ஒட்டி இதை வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதி, பெரிய பெரிய கடைகளின் பேரைச் சொன்ன பிறகுதான் பலருக்குக் காது கேட்டது. அந்தப் பேர்கள் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டன. விடுதியும் மதிலும் மறையவில்லை.

கூலியைப் பிடித்து வைப்பது வானத்தை நோக்கிக் கூப்பிடுகிற பாவம் என்று ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்தோமே, அதை எந்தத் தலைப்பில் படித்தோம் என்று நினைத்துப் பாருங்கள். கொலைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படித்தோம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நீதி செய்தவனாக மாட்டேன். அந்தத் தொகை எதற்கு? வரதட்சணைக்கு. பேரிலேயே தெரிகிறதே! அப்படியென்றால் இந்தச் சங்கிலியின் மறுமுனையில் லண்டன் கடை மட்டும் இல்லை. நம் கோவிலில் ஓலை வாசித்துக் கலியாணம் செய்கிற மாப்பிள்ளை வீடும் இருக்கிறது. கொள்முதல் பிரிவு விலையைக் குறை என்கிறது. மாப்பிள்ளை வீடு தொகையை ஏற்று என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒரே பெண். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. வெளிநாட்டுக் கம்பெனியை நாம் கேட்கிற அதே கேள்வியை, எங்கிருந்து வந்தது இந்தப் பணம் என்ற கேள்வியை, சம்பந்தி வீட்டில் தாம்பூலத் தட்டைப் பார்த்து எத்தனை பேர் கேட்டீர்கள்?

2021 ஜனவரியில் நம் மாவட்டத்தில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த தலித் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அங்கே பெண்கள் அனுபவித்த தொந்தரவுகள் அதன்பின் வெளிச்சத்துக்கு வந்தன. பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகம் முழுதும் பேசப்படுகிற உடன்படிக்கை ஏற்பட்டது. ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் ஒரு பக்கம், சங்கம் ஒரு பக்கம். வாங்குகிற எச் அண்ட் எம் போன்ற பெரிய கம்பெனிகளும் கையெழுத்திட்டன. தொழிலாளப் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள். புகார் சொன்னவளைப் பழிவாங்கக் கூடாது. தொழிற்சாலை மீறினால் வாங்குகிறவர்களுக்கும் கடமை உண்டு. சான்றிதழ்க்காரர் வருடத்தில் ஒருநாள் வருவார். பக்கத்து எந்திரத்தில் நிற்கிறவள் தினமும் இருக்கிறாள். யார் கண்ணுக்குப் பூட்டிய கதவு தெரியும்?

இனி, சட்டை வாங்குகிற நம்மைப் பற்றி. இதைப் படித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைக்குச் சட்டை வாங்கினேனே சுவாமி, பாவமா என்று யாரும் என்னிடம் வரவேண்டாம். பாவமில்லை. பொறுப்பு, அறிவுக்கும் அதிகாரத்துக்கும் தக்கபடி ஏறி இறங்கும். கடைத்தெருவில் நூறு ரூபாயைத் திருப்பித் திருப்பி எண்ணுகிற தாய்க்கு இந்தச் சங்கிலியில் இருப்பது தொலைவான, சன்னமான பங்கு. கம்பெனியின் பொறுப்பை ஏழையின் பைக்குள் தள்ளிவிடுவது ஒரு புதுத் தந்திரம், அதற்கு ஏமாறாதீர்கள். ஆனால் இந்தப் பங்கிலேயே மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். மில்லில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறீர்கள். சோதனை நாளில் எந்தப் பிள்ளையை முன்னால் நிறுத்துவது, எந்தப் பதிவேட்டைக் காட்டுவது என்று தீர்மானிக்கிற மேஜையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் பங்கு சன்னமானதல்ல. மேலிடத்து உத்தரவு என்று சொல்வீர்கள். ஏணி சுமந்தவனும் அதைத்தான் சொன்னான்.

பரிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ராணா பிளாசாவில் இறந்தவர் குடும்பங்களுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் தலைமையில் ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். மூன்று கோடி டாலர் வேண்டியிருந்தது. கம்பெனிகள் விரும்பினால் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு. அது சேர 2015 ஜூன் வரை, இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பிடித்தது. கொடுத்ததை நன்கொடை என்றார்கள். எனக்கு உறுத்துவது இந்தச் சொல்தான். கடனைத் தருமம் என்று பேர்மாற்றிக் கொடுக்கிறவன் இரண்டு முறை எடுக்கிறான்: முதலில் கூலியை, பிறகு நன்றியை. 2020-ல் கொரோனா வந்தபோது வாங்குகிறவர்கள் வங்காளதேசத்துக்குக் கொடுத்திருந்த 300 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஆர்டர்களை ரத்துச் செய்தார்கள் அல்லது நிறுத்தினார்கள். அவற்றில் தைத்து முடித்த சரக்கும் உண்டு. அதே கம்பெனிகளில் சில, முகமூடி தானம் செய்து படமும் போட்டுக்கொண்டன. 1891-ல் தொழிலாளரைப் பற்றி எழுதிய 13-ம் சிங்கராயர் பாப்பரசர், நியாயக்கூலி என்பது முதலாளியின் தயவல்ல, நீதி என்று ஸ்தாபித்தார். 2025-ல் தெரிந்துகொள்ளப்பட்ட பாப்பரசர் 14-ம் சிங்கராயர் என்று பேர் வைத்துக்கொண்டபோது அந்த நிருபத்தைத்தான் காரணமாகச் சொன்னார்.

கடைசியாக, ஆள் சேர்த்துவிடுகிற தரகர்களுக்கு. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்பதை நான் எழுதமாட்டேன்; தெருவில் கேட்டது போதும். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கிக்கொண்டு, மில்லில் சொன்ன தொகையை நீங்களும் தாய் தகப்பனிடம் வாக்குக் கொடுத்துச் சேர்த்துவிட்டீர்கள். மில் கொடுக்கவில்லை. உங்கள் கடன் கமிஷனோடு முடிந்ததா? சாஸ்திரிகள் இதற்கு வரிசை சொல்லியிருக்கிறார்கள்: பணத்தை வைத்திருப்பவன் முதலில் ஈடு செய்யவேண்டும், அவன் செய்யாவிட்டால் ஏவியவன், பிறகு உதவியவன். தெரிந்து உதவியவனுக்கு வரிசையில் கடைசி இடம் உண்டு. வரிசைக்கு வெளியே இடமில்லை. கமிஷனைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாவிட்டாலும், அந்தப் பிள்ளையோடு கூட மில் வாசலுக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் நடக்கவாவது கடமைப்பட்டிருக்கிறீர்கள். யாரிடம் என்ன சொல்லி அழைத்துப்போனீர்கள் என்பதற்கு நீங்கள்தான் சாட்சி.

கணக்குத் தீராமல் வீடு திரும்பிய பிள்ளைகள் யாராவது இருந்தால், பி.எஃப். எண், ஈ.எஸ்.ஐ. அட்டை, வங்கிப் புத்தகம், விடுதியில் கொடுத்த அடையாள அட்டை, எது கைவசம் இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு, வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு பங்குச் சுவாமியார் வீட்டுக்கு வாருங்கள். ஒரு துண்டுச் சீட்டும் இல்லாவிட்டாலும் வாருங்கள். சேர்த்துவிட்டவரையும் கூட அழைத்து வாருங்கள்.